இதே கழுத்தோடு வரவும்

வேணுவின் கழுத்து திரும்பவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் ஒரு லாரி டிரைவர். திருவண்ணாமலை நெல் விற்பனைக் கமிட்டிக்குள் லாரியைப் பின்னுக்கு எடுத்தவன் மூன்று முறை ஹாரன் அடித்தான். தலையில் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த வேணு நின்றான். காலை மாற்றி வைத்தான். மூட்டை, தலை, தோள், இடுப்பு எல்லாவற்றையும் ஒரே பொருளாகச் சுற்றி லாரியைப் பார்த்தான்.

"யோவ், கழுத்துல இன்னா சிமெண்ட்டு கொட்டிக்கினு வந்தியா?"

"ஆமாங்க. அப்பிடித்தான் இருக்குது" என்றான் வேணு. அவன் கேலியாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கேலி வராது. கேலியெல்லாம் அவன் பெண்சாதி பொன்னியின் இலாகா. அவள் அதே கமிட்டியில் நெல் கூட்டித் தூற்றுகிறவள்.

இருபத்திரண்டு வருஷமாக எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தலையில் வாங்கிய கழுத்து அது. இடது பக்கம் கொஞ்சம் போகும். வலது பக்கம் அதைவிடக் கம்மி. அதற்கு மேல் போனால் பிடரியில் யாரோ கோணி ஊசியை விட்டுத் திருகுகிற மாதிரி இருக்கும்.

மூட்டை வாய் தைக்கிற ஆள் வேலையை விட்டுப் போய், அந்த முக்காலி காலியாகக் கிடந்தது. வேணு மேஸ்திரி முருகவேலிடம் போய் நின்றான்.

"அண்ணே, அந்த எடத்துல என்ன உக்கார வையிண்ணே. இன்னம் ஒரு மாசம் தூக்கினா தல தனியா வந்துடும்."

"எடம் காலியாத்தான் இருக்குது. நீ உக்காந்தா எனக்கின்னா வலிக்குதா?" என்றார் மேஸ்திரி. "ஆனா பேப்பர் வேணும். பேப்பர் இல்லாம உன்ன உக்கார வச்சா நாளைக்குப் பத்து பேரு கழுத்தப் புடிச்சிக்கினு வந்து நிப்பான். மேல கேட்டா நான் இன்னாத்த காட்றது, உன் கழுத்தையா?"

"அதக் காட்டினா போதாதாண்ணே?"

"போதாது. எழுதினது வேணும். அதுவரைக்கும் தூக்கு."

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வேணுவின் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வேணு கத்தினான். டாக்டர் கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பலைன்னு எனக்கு நல்லாத் தெரியுதுப்பா. ஆனா எனக்குத் தெரியறது இப்ப செல்லாது. எத்தனை டிகிரின்னு மையத்துல எழுதி வாங்கிட்டு வா."

மையம் செங்கம் ரோட்டில், மூடிப்போன ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. 'அசைவு அளவீட்டு நம்பகத்தன்மை மற்றும் துல்லிய உறுதிப்பாட்டு மண்டல மையம்' என்று பெயர். பெயர்ப் பலகை முன்சுவரில் இடம் போதாமல் மூலை திரும்பி, பக்கவாட்டுச் சுவரிலும் கொஞ்ச தூரம் ஓடியது. கழுத்து பிடித்தவர்கள் 'நம்பகத்தன்மை' வரைக்கும் படித்துவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். துல்லியம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

உள்ளே டோக்கன் கொடுத்தார்கள். நாற்காலிகள் எல்லாம் கிழக்கே பார்த்துப் போடப்பட்டிருந்தன. டோக்கன் எண் எரிகிற டிவி மேற்குச் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. முப்பது பேர் அசையாமல் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் எண்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

வேணுவுடன் வந்த பொன்னி சுற்றிலும் பார்த்தாள். "இன்னாங்க இது? கழுத்து திரும்பாதவங்கள உக்கார வச்சிட்டு முதுகுக்குப் பின்னால நம்பர் காட்றீங்க?" என்று அங்கே பெருக்கிக்கொண்டிருந்த தனத்திடம் கேட்டாள்.

"நானும் கேட்டேம்மா" என்றாள் தனம். "இயக்குநர் இன்னா சொல்றாருன்னா, அதுதான் முதல் கட்டத் தேர்வாம். யாரு திரும்பிப் பாத்து கரெக்டா வந்துடறாங்களோ, அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பாக்காதவங்க?"

"அவங்க டோக்கன் போயிடும். மறுநாள் வரணும்."

பொன்னி எழுந்து மேற்கே பார்த்து நின்றுகொண்டாள். புருஷனோடு சேர்த்து முப்பது பேருக்கும் அவளே எண்களைக் கூவினாள். அந்த மையம் திறந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவர்கள் எல்லோரும் உள்ளே போனார்கள் என்று தனம் பிறகு சொன்னாள்.

அளவு எடுக்கும் அறையில் கவியா, சல்மான் என்று இரண்டு அளவர்கள். வேணுவுக்கு, கண்ணாடி இல்லாத மூக்குக்கண்ணாடி போல ஒன்றை மாட்டினார்கள். அதன் உச்சியிலும் பக்கத்திலும் கடிகாரம் மாதிரி முள் வைத்த வட்டங்கள். தோள் மேல் ஒரு காந்தப் பட்டை.

"நான் சொன்னப்புறம் மெதுவா இடது பக்கம் திரும்பணும். உடம்பு திரும்பக் கூடாது. புரிஞ்சுதா?" என்றாள் கவியா.

வேணு தலையாட்டினான்.

"ஐயோ, ஆட்டாதீங்க! முள்ளு நகர்ந்துடுச்சு. மறுபடி வைக்கணும்." வைத்தாள். "இனிமே தலையாட்டாம பதில் சொல்லணும். புரிஞ்சுதா?"

வேணு தலையாட்டினான்.

நான்காவது தடவை பொன்னி குறுக்கே வந்தாள். "நீ கேக்காதம்மா. கேட்டா ஆட்டத்தான் செய்வாரு. கல்யாணமான நாள்லேர்ந்து அது ஒண்ணுதான் அவருக்கு நல்லா வரும்."

கவியா கேட்காமலே அளந்தாள். இடது பக்கம் முப்பத்திநான்கு. அவளை வெளியே அனுப்பிவிட்டு சல்மான் அளந்தான். நாற்பத்தொன்று.

ஒருவர் எண்ணுக்கும் இன்னொருவர் எண்ணுக்கும் மூன்று டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. ஏழு வந்துவிட்டது. இயக்குநர் இனியனை அழைத்தார்கள். அவர் வந்து இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து, இறந்தவரின் முகத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஐயா, நான் வேணும்னு பண்ணலைங்க" என்றான் வேணு.

"பயப்படாதீங்க. எங்களுக்கு உங்க கழுத்து மேல துளி சந்தேகமும் கிடையாது. எங்க மேலதான் எங்களுக்கு சந்தேகம்" என்றார் இயக்குநர் கனிவாக. "அதனாலதான் நீங்க திரும்பத் திரும்ப வரணும்."

விசாரணையில் உண்மை வெளிவந்தது. கவியா அளந்தபோது ஜன்னல் சாத்தியிருந்தது. சல்மான் புழுக்கம் என்று திறந்துவிட்டான். இடது பக்கம் திரும்பிய வேணுவுக்கு ஜன்னலில் அண்ணாமலை தெரிந்திருக்கிறது. மலையைப் பார்த்தவன் வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னும் ஏழு டிகிரி போயிருக்கிறான். போனதும் கை தானாகக் கன்னத்துக்கு வந்திருக்கிறது. அப்போது முள் ஆடியதையும் சல்மான் ஒப்புக்கொண்டான்.

இயக்குநர் அன்றைக்கே ஒரு சுற்றறிக்கை எழுதினார். 'அளவீட்டின்போது மலை ஒரு புறக் காரணியாகச் செயல்படுவது கண்டறியப்பட்டுள்ளது. எனவே அலுவலக நேரத்தில் மலை மறைக்கப்பட வேண்டும்.'

கெட்டியான கறுப்புத் திரை வந்தது. ஆனால் இழுத்து மூட ஆள் கிடைக்கவில்லை. "மலைய மூடுன பாவம் எனக்கு வாணாங்க சாரு" என்று தனம் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகத் தன்னால் முடியாது என்றாள் கவியா. இயக்குநர் கடைசியில் சல்மானைப் பார்த்தார்.

"தம்பி, உனக்குப் பிரச்சினை இல்லையே?"

"சார், எங்க வூட்டு மாடிலேர்ந்தும் இதே மலதான் தெரியுது. எழுந்ததும் அது மூஞ்சிலதான் முழிக்கிறேன். எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்குது" என்றான் சல்மான். பிறகு அவனே கண்ணை மூடிக்கொண்டு திரையை இழுத்தான். கூடுதல் பாதுகாப்புக்கு நாற்காலியையும் மலைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை வேணு போனான். கவியா இருபத்தொன்பது. சல்மான் முப்பது. ஒரு டிகிரிதான் வித்தியாசம். அறையே கை தட்டியது. வேணுவும் எழுந்து கும்பிட்டான். பேப்பர் வந்துவிட்டது, நாளையிலிருந்து முக்காலி என்று நினைத்தான்.

இயக்குநர் பழைய தாளை எடுத்தார். கை தட்டல் நின்றது.

"போன வாரம் கவியா அளந்தப்ப முப்பத்திநாலு. இந்த வாரம் அதே கவியா, அதே கருவி, இருபத்தொன்பது. ஒரே ஆள் ரெண்டு தடவை அளந்தா ஒரே எண் வரணும். இதுதான் எங்க ரெண்டாவது விதி. நடுவுல நீங்க என்ன பண்ணீங்க?"

"மூட்ட தூக்கினேங்க."

"எத்தனை?"

"ஒரு நாளைக்கு நூறு, நூத்திருவது. ஆறு நாளு."

"ஏன் தூக்கினீங்க?"

"பேப்பர் இல்லைங்களே. பேப்பர் இருந்தா தூக்க மாட்டேங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "பாருங்க. மாறிக்கிட்டே இருக்கிற பொருளை உலகத்துல யாராலும் அளக்க முடியாது. நாங்க எவ்வளவோ ஒழுங்கா இருக்கோம். உங்க கழுத்துதான் ஒத்துழைக்க மாட்டேங்குது. அடுத்த வாரம் வரும்போது இதே கழுத்தோட வாங்க."

பொன்னிக்குத் தாங்கவில்லை. "இன்னா சார், இவரு வேற யாரு கழுத்தையாச்சும் கடன் வாங்கி மாட்டிக்கினா வந்தாரு? அதே கழுத்துதான். நீங்க ஒரு வாரம் தள்ளினீங்க, அது ஒரு வாரம் கெட்டுப்போச்சு."

"அம்மா, கெட்டுப்போறது உங்க துறை. ஒத்துப்போறது எங்க துறை" என்றார் இயக்குநர். சீட்டில் 'இதே கழுத்தோடு வரவும்' என்று எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மேஸ்திரி அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல கழுத்து கெட்டுப்போச்சுன்னு எங்கடா இருக்குது? பத்திரமா வச்சிக்கன்னுதான் போட்டிருக்கான். தூக்கு போ."

மூன்றாவது திங்கட்கிழமை இருபத்திரண்டு. வேணுவால் அப்போது சோற்றைக்கூட விழுங்க முடியவில்லை. ராத்திரி புரண்டு படுக்க பொன்னிதான் அவன் தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் திருப்பிவிட்டாள். ஆனால் மையத்தின் கவலை வேறாக இருந்தது. மூன்று வாரத்தில் மூன்று எண். மேலிடத்துக்குப் போனால் கருவியே சரியில்லை என்று சொல்லிவிடுவார்கள்.

கருவி சரிதான் என்று நிரூபிக்க இயக்குநர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாறாத கழுத்து ஒன்று வேண்டும். தேரடித் தெருவில் ஒரு ஜவுளிக்கடையிலிருந்து ஒரு பொம்மையைக் கொண்டுவந்தார்கள். சேலை கட்டி நிற்கிற பொம்மை. ஒரு கை உடைந்திருந்தது. கடைக்காரர் அதனால்தான் கொடுத்தார். அதற்கு 'ஆதாரக் கழுத்து' என்று பெயர் வைத்தார்கள். கவியா அளந்தாள். பூஜ்யம். சல்மான் அளந்தான். பூஜ்யம். மறுநாள் அளந்தார்கள். பூஜ்யம். மலைத் திரையைத் திறந்து வைத்தும் பூஜ்யம்.

இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. பொம்மைக்கு மாலை போட்டு, வந்திருந்த எல்லோரையும் கூட்டி நிறுத்திப் பேசினார்:

"இந்த மையம் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆகுது. நானூறு கழுத்து பாத்துட்டோம். ஒண்ணாவது ஒழுங்கா இருந்ததுண்டா? வலிக்குதுங்கறாங்க, இன்னிக்கு பரவாயில்லைங்கறாங்க, பஸ்ல தூங்கிட்டேங்கறாங்க. இந்தக் கழுத்தைப் பாருங்க. ஒரு புகார் உண்டா? ஒரு முனகல் உண்டா? மனுஷங்க இப்படி இருந்தா நாங்க எவ்வளவு நல்லா வேலை செய்வோம்!"

பொம்மைக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டது. சட்டம் போட்டு அதன் பக்கத்திலேயே சுவரில் மாட்டினார்கள். 'கழுத்து அசைவு: பூஜ்யம். நம்பகத்தன்மை: முழுமை. இவரைப் பளு தூக்கும் பணியில் ஈடுபடுத்தக் கூடாது.' கடைசி வரி அச்சடித்த படிவத்தில் ஏற்கெனவே இருந்தது. அதை யாரும் அடித்து நீக்கவில்லை.

பொன்னி அந்தச் சான்றிதழின் எதிரே வெகு நேரம் நின்றாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். டீக்கடையில் வேணுவுக்கு உறிஞ்சுகுழாய் போட்டு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "யோவ், நீ ஏன் திரும்புற?"

"திரும்பச் சொல்றாங்க. திரும்புறேன்."

"அதான் தப்பு. ஒருநாளு முப்பத்திநாலு திரும்புற, ஒருநாளு இருவத்திரெண்டு திரும்புற. அவனுங்களுக்கு கோவம் வருது. திரும்பவே திரும்பாத."

"கொஞ்சம் திரும்புதே பொன்னி. திரும்பறத திரும்பலன்னா பொய்யாச்சே."

"அந்தக் கொஞ்சம்தான்யா உன்னக் கொல்லுது. நெசத்தச் சொல்லி மூணு வாரமா இன்னாத்த கண்ட? அந்த ஒத்தக்கை பொம்மைக்குப் பேப்பர் குடுத்துட்டான். அது எத்தினி மூட்ட தூக்குச்சு?"

வேணு யோசித்தான். பொம்மை ஒரு மூட்டையும் தூக்கியதில்லை என்பதை அவனால் மறுக்க முடியவில்லை. தலையாட்டப் பார்த்தான். வலித்தது.

நான்காவது திங்கட்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நின்ற பொம்மையைப் பார்த்துக்கொண்டான். அது எப்படிப் பார்க்கிறதோ அப்படியே பார்த்தான். "திரும்புங்க" என்றாள் கவியா. பூஜ்யம். "திரும்புங்கண்ணே" என்றான் சல்மான். பூஜ்யம்.

இயக்குநர் ஓடி வந்தார். பழைய கோப்பை மூடி, அதே ஆளுக்குப் புதிய கழுத்து என்று புதிய கோப்பு திறக்கச் சொன்னார். "அடுத்த வாரமும் இப்படியே வந்துட்டா, திருவண்ணாமலை மாவட்டத்துல நம்பகமான முதல் மனுஷக் கழுத்து உங்களுதுதான்" என்று வேணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்த அடுத்த திங்கட்கிழமை, கார்த்திகை தீபம் முடிந்து சாமி மலை சுற்றி வருகிற நாளாக இருந்தது.

வேணுவின் தலையில் கருவியை மாட்டும்போதே தூரத்தில் மேளம் கேட்டது. கவியா அளந்தாள். பூஜ்யம். சல்மான் அளக்க வந்தபோது மேளமும் சங்கும் செங்கம் ரோட்டில் மையத்துக்குக் கீழேயே வந்துவிட்டன. தனம் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கறுப்புத் திரையைச் சரசரவென்று இழுத்துத் திறந்தாள்.

"சாமி! சாமி வருது!"

கவியா திரும்பினாள். சல்மான் திரும்பினான். வெளியே உட்கார்ந்திருந்த முப்பது பேரும் எழுந்து, கழுத்து வராதவர்கள் உடம்போடு சுற்றி, ஜன்னல் பக்கம் கூடினார்கள். மலையை மறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட இயக்குநரே பக்கத்து அறையிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி வந்து, கை கூப்பிக் கண்ணை மூடினார்.

அந்த அறையில் இரண்டு முகங்கள்தான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று பொம்மை. இன்னொன்று வேணு.

சாமி சரியாக அவன் முதுகுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார். கற்பூர வாசனை மாடிக்கே வந்தது. வருஷா வருஷம் மூட்டையைக்கூட இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரம் ஓடி நிற்பவன் அவன். எழுந்து உடம்போடு திரும்பலாம். ஆனால் எழுந்தால் மறுபடி முதலிலிருந்து, மறுபடி இரண்டு வாரம், ஆயிரத்துச் சொச்சம் மூட்டை. கழுத்து அதுவரை தாங்காது. வாசலில் நின்ற பொன்னியைக் கண்ணால் மட்டும் பார்த்தான். அவள் கையைக் கூப்பிக்கொண்டே அவனைப் பார்த்து, 'கூடாது' என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். எவ்வளவு நன்றாகத் திரும்புகிறது அவள் கழுத்து என்று அவனுக்கு அப்போது தோன்றியது. கண்ணில் நீர் வந்து கருவியின் சட்டத்தில் தேங்கியது.

முதலில் திரும்பி வந்தவன் சல்மான். முள்ளைப் பார்த்தான். வேணுவின் முகத்தைப் பார்த்தான். பேனாவைத் திறந்தான். அப்புறம் பூஜ்யம் என்று எழுதினான்.

"சாமியே வந்தும் பூஜ்யமா!" இயக்குநர் தாளை வாங்கி உயர்த்திப் பிடித்தார். "நம்பகத்தன்மைதான் இத்தனை நாளா வந்தது. துல்லியம் இன்னிக்குத்தான் வந்திருக்கு. ஒரு கழுத்து உண்மையிலேயே திரும்பலைன்னா என்ன அர்த்தம்னு இப்பத்தான் எனக்கே புரியுது."

சால்வை போர்த்தினார்கள். பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "கொஞ்சம் கேமரா பக்கம் திரும்புங்க" என்றார் போட்டோக்காரர். இயக்குநர் அவரை அதட்டினார்.

பேப்பரைப் பார்த்ததும் மேஸ்திரி வேறொன்றும் கேட்கவில்லை. "பூஜ்யமா! டேய், இவ்ளோ மோசமாடா இருந்தது? சொல்லவே இல்ல?" என்றார். முக்காலியைத் தானே துடைத்துப் போட்டார்.

வேணு தைத்தான். கோணி ஊசியும் சணலும். தலைமேல் ஒன்றும் இல்லை. முதல் வாரம் தலை மிதப்பதுபோல இருந்தது. ஒரு மாதத்தில் சோற்றை விழுங்கினான். இரண்டு மாதத்தில் புரண்டு படுத்தான். அறுவடை முடிவதற்குள் கழுத்து பழைய முப்பத்திநான்கையும் தாண்டிவிட்டது. எண் சொல்ல யாரும் இல்லாததால் எவ்வளவு என்று தெரியாது.

அப்போதுதான் மையத்திலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் கழுத்து மாதிரிக் கழுத்தாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளது. எங்கள் அலுவலர்கள் முன்னறிவிப்பின்றிப் பணியிடத்துக்கு வந்து பார்வையிடுவர். அசைவு ஏதும் காணப்பட்டால் சான்றிதழ் ரத்தாகும்.'

அன்றிலிருந்து வேணு மறுபடியும் உடம்போடு திரும்பினான். ஊசி இடது பக்கம் விழுந்தால் முக்காலியோடு சுற்றினான். யாராவது கூப்பிட்டால் எழுந்து நின்று சுற்றினான். "இன்னாய்யா, வூட்ல நல்லா திரும்புற, இங்க வந்தா பொம்ம ஆயிடுற?" என்று பொன்னி காதோடு கேட்பாள். "வேலைக்கு வந்தா அது வேற கழுத்து" என்பான். கேலி கொஞ்சம் அவனுக்கும் வர ஆரம்பித்திருந்தது.

ஒரு சாயந்திரம், கமிட்டிக் கொட்டகைக்கு இடது பக்கம் மலை வெயிலில் செம்மண் நிறமாக நின்றது. கோயில் பக்கமிருந்து மணி கேட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வேணு ஊசியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். பேன்ட் சட்டை போட்ட இரண்டு பேர் வாசலில் நின்று கொண்டிருந்தார்கள்.

முறத்தோடு நின்ற பொன்னி வாசல் வரை போய், விசாரித்துவிட்டு வந்தாள்.

"நெல்லு வியாபாரிங்க" என்றாள் மெதுவாக. "நான் மறச்சி நிக்கிறேன். சீக்கிரம் பாத்துக்க."

அவள் முறத்தைத் தூக்கிப் பிடித்து வாசலை மறைத்தாள். வேணு கழுத்தை இடது பக்கம் திருப்பினான். முப்பது, நாற்பது, ஐம்பது. பிடரியில் ஊசி எதுவும் இறங்கவில்லை. மலை முழுசாக வந்தது. ஊசி பிடித்த கையாலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

அப்போதுதான் மலைக்கும் அவனுக்கும் நடுவே, எடைத் தராசுக்குப் பக்கத்தில், மேஸ்திரி முருகவேல் நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். அந்தப் பக்கத்தை மறைக்கப் பொன்னிக்குத் தோன்றவில்லை. வேணுவின் கை கன்னத்திலேயே நின்றுவிட்டது. கழுத்தை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று தெரியவில்லை.

மேஸ்திரி, மூட்டை தூக்குகிறவர்கள் தலையில் வைக்கிற சும்மாடு ஒன்று காலியாகக் கிடந்ததை எடுத்து உதறினார். பிறகு தன் கழுத்தை மெல்ல வலது பக்கம் திருப்பி, ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கழுத்தை எந்த மையமும் அளந்ததில்லை. அது நன்றாகத் திரும்பியது.